கூடைக்கு நாலு ராத்தல்

காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்குக் காரியம் கெட ஆரம்பித்தது. நேரம் இவ்வளவு திட்டமாகத் தெரியக் காரணம், தராசுக்கு நேர் மேலே சுவரில் ஒரு பெரிய கடிகாரம் மாட்டியிருந்தார்கள். என் மகன் சட்டையைக் கழற்றிவிட்டு, நுவரெலியாக் குளிரில் உரித்த கோழிபோல் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகச் சிலிர்க்க, தராசுப் பலகையில் ஏறி நின்றான். கொழும்பிலிருந்து வந்திருந்த சிங்கள நடுவர் கோலில் இருந்த சின்னக் குண்டை இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நூத்தி இருபத்தொம்பது ராத்தல், நோனா" என்றார்.

இருக்க வேண்டியது நூற்று இருபத்தைந்தரை ராத்தல், விதித்தாள் கணக்கில் ஐம்பத்தேழு கிலோ. அதற்கு மேல் கால் ராத்தல் கூடினாலும் அவன் அந்த எடைப் பிரிவில் இறங்க முடியாது. மூன்றரை ராத்தல் கூடியிருந்தான். எட்டு மணிக்கு எடை பார்ப்பதை மூடிவிடுவார்கள்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்து இதை எழுதும்போதுகூட, எந்தத் தராசைப் பார்த்தாலும், காய்கறிக் கடைத் தராசாக இருந்தாலும் சரி, என் கண் முதலில் கடிகாரத்தைத்தான் தேடுகிறது.

நான் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூட ஆசிரியை. என் மகனுக்கு இருபது வயது. அட்டனில் படிக்கப் போன இடத்தில் பிரீஸ்டைல் மல்யுத்தம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டான். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் அதைக் குஸ்தி என்றுதான் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழேயும் பிடிக்கலாம், காலை வாரலாம், எதிராளியின் இரண்டு தோளையும் மெத்தையில் படவைத்துவிட்டால் முடிந்தது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவன் கொண்டுவந்த டைப் அடித்த விதித்தாள்களை அவனைவிட நான்தான் அதிகம் படித்தேன். இந்த விளையாட்டில் கழுத்து எத்தனை விதமாக உடையலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் படித்தேன். விதி போட்டவர்கள் அதை எங்குமே எழுதவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

மூன்று வருடத்தில் அவன் எடையில் இலங்கையில் அவனைப் புரட்டிப் போட ஆளில்லாமல் போயிற்று. அடுத்து வெளிநாட்டுக்காரனோடு பிடித்தால்தான் தன் தரம் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெளிநாடு போகக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குக் குடியுரிமை வேண்டும்; இங்கேயே பிறந்திருந்தாலும் தோட்டத்துத் தமிழருக்கு அது விண்ணப்பித்துத்தான் கிடைக்க வேண்டும். எங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் எந்தக் கல்லுக்குக் கீழே கிடக்கிறதோ, தெரியாது. ஆகவே வெளிநாடு இவனைத் தேடி வந்தால்தான் உண்டு என்றிருந்தது. ஏப்ரல் சீசனுக்கு அது வந்தேவிட்டது. ஈரான் தேசத்து மல்யுத்தக் குழு ஒன்று கொழும்புக்கு வந்த கையோடு நுவரெலியாவில் ஒரு நாள் சிநேகப் போட்டி நடத்தச் சம்மதித்தது. அவன் எடைக்கு ஒரு ஈரான்காரன் இருந்தான். இன்னொரு முறை இப்படி வாய்க்கும் என்று யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.

அப்படிப்பட்ட நாளில்தான் நூற்று இருபத்தொன்பது.

"மூணு நாளைக்கு முன்னாடி நூத்தி இருபத்திரண்டுதானே அம்மா இருந்தேன்?" என்றான் மகன். முகம் வெளுத்துவிட்டது.

நூற்று இருபத்திரண்டு என்று சொன்னவர் அவன் அப்பா. அவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. டிஸ்பென்சரித் தராசு பழுதாகிக் கிடந்ததால், கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் வைத்து மகனை நிறுத்தார். அவன் தராசுக் கொக்கியைப் பிடித்துக் காலை மடக்கிக்கொண்டு தொங்கினான், அவர் முள்ளைப் பார்த்து, "நூத்தி இருபத்திரண்டு!" என்று மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கூவினார். கொழுந்து நிறுக்கும்போதும் அப்படித்தான் கூவுவார்.

அப்படியானால் மூன்றரை ராத்தலுக்கு இடமிருக்கிறது என்று நான் கணக்குப் போட்டேன். பட்டினி கிடந்து வாடியிருந்த பிள்ளை. இரண்டு நாள் ஆட்டுக்கறியும் இட்லியும் நல்லெண்ணெய் விட்ட பொடியும் பால் கஞ்சியுமாக அந்த இடத்தை நிரப்பினேன். நான் போட்ட சாப்பாடு மூன்று ராத்தல் என்றே வைத்துக்கொண்டாலும் நூற்று இருபத்தைந்துதானே வர வேண்டும்? மீதி நாலு ராத்தல் எங்கிருந்து வந்தது?

நாலு என்ற எண் மனசில் வந்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும், இலையில் இருக்கும் ஈரத்துக்குமாகச் சேர்த்து நாலு ராத்தலைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கணக்கப்பிள்ளை வாய்விட்டுச் சொல்வார். இருபது வருடப் பழக்கம். முள்ளைப் பார்ப்பது கண், கழிப்பது வாய். நடுவில் மூளைக்கு அங்கே வேலையே கிடையாது. கூடையும் இல்லாமல் ஈரமும் இல்லாமல் தொங்கிய சொந்த மகனுக்கும் அந்த மனிதர் நாலு ராத்தல் கழித்திருக்கிறார்!

எனக்குத் துணையாக ஒரு அக்கா வந்திருந்தார். எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். என் மகனைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பயத்தில் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதும்தான் தெரிந்தது, சிரிப்பு.

"இருபது வருஷமா எங்க கூடையில கழிச்ச ராத்தல் எல்லாம் எங்க போகுதுன்னு தேடிக்கிட்டு இருந்தோம் டீச்சர். ஒங்க மகன் மேலதான் ஏறி ஒக்காந்திருக்கு!"

"அக்கா, சிரிக்கிற நேரமா இது?"

"அழுதா மட்டும் கொறைஞ்சிருமா?" என்றவர், நடுவரிடம் போய் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "ஏங்க ஐயா, இங்க ஈரத்துக்குக் கழிக்கிறது இல்லீங்களா?"

நடுவருக்கு அது புரியவில்லை. நான் அவரிடம் விதித்தாளின் நாலாம் பக்கத்தை ஒப்பித்தேன்: மூடும் நேரம் வரைக்கும் எத்தனை தரம் வேண்டுமானாலும் தராசில் ஏறலாம். கழுத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது வழியில் அகப்பட்ட விதி அது. அவர் தலையை ஆட்டினார். "ஏறலாம் நோனா. எட்டு மணிக்கு நான் பெல் அடிக்கிறது. அதுக்குப் பொறகு ஒண்ணும் செய்ய ஏலாது."

அறையின் மறு மூலையில் அந்த ஈரான்காரன் உட்கார்ந்திருந்தான். மகனைவிட இரண்டு மூன்று வயது பெரியவன். காது இரண்டும் மெத்தையில் தேய்ந்து தேய்ந்து, பிசைந்து வைத்த மாவுபோல் மடங்கிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் என் மகனின் காதை நான் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஈரான்காரன் ஏற்கனவே எடை பார்த்து முடித்தவன். இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு பாண் ரொட்டியும் அவித்த முட்டையும் கையில் எடுத்திருந்தான். எங்கள் பிள்ளை எட்டு மணிக்குள் குறையாவிட்டால், இவன் மெத்தையில் கால் வைக்காமலே ஜெயித்தவன் ஆவான். அவன் என் மகனைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். முட்டையைத் தட்டில் வைத்தான்.

எழுந்து வந்து, தன் கனத்த கம்பளிச் சட்டையைக் கழற்றி என் மகன் தலைவழியாக மாட்டினான். அதன் மேல் இன்னொன்று. கழுத்தைச் சுற்றி ஒரு துவாலை. அவன் பயிற்சியாளர் ஓடி வந்து சத்தம் போட்டார். பாஷை தெரியாவிட்டாலும் 'சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டிய நேரத்தில் உனக்கென்ன வந்தது' என்பதை எந்தத் தாயும் புரிந்துகொள்வாள். ஈரான்காரன் ஏதோ பதில் சொன்னான். பயிற்சியாளர் கையை விரித்துவிட்டு, எனக்கு இங்கிலீஷில் விளக்கினார்: "கடல் தாண்டி வந்தது மனுஷனோடு பிடிக்கத்தானாம். தராசு ஜெயித்துக் கொடுப்பது இவனுக்கு வேண்டாமாம்."

ஆனால் நுவரெலியாக் காலையில் வேர்வை எங்கே வரும்? இரண்டு பேரும் ரோட்டில் பத்து நிமிடம் ஓடிவிட்டு வந்தார்கள். மூக்கிலிருந்து புகைதான் வந்தது. நெற்றி காய்ந்தே இருந்தது.

"இப்பிடி ஓடினா பசிதான் எடுக்கும்" என்றார் அக்கா. "டிரையர் முன்னாடி கொண்டு போய் நிறுத்துங்க டீச்சர். நாலு ராத்தல் கொழுந்து உள்ள போனா ஒரு ராத்தல் தூளாத்தான் வெளிய வருது. இவரு மூணரைதானே கொறையணும்? மேலோட்டமாக் காட்டினாலே போதும்."

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அது சரியான யோசனை. டவுனை ஒட்டிய தோட்டத்தின் தேயிலை ஃபெக்டரி அரை மைலுக்குள் இருந்தது. விடியற்காலையிலிருந்து தூள் காயவைக்கும் மணம் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் முன்னால் ஓட, அக்காவும் நானும் பின்னால் ஓடினோம். பள்ளிக்கூட ஆசிரியை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நுவரெலியா ரோட்டில் ஓடியதைப் பார்த்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

ஃபெக்டரி வாசலில், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் எங்களை மறித்தார். மூச்சு வாங்க நான் கதையைச் சொன்னேன். அவர் என் மகனை மேலும் கீழும் பார்த்தார்.

"வாட்டி, அரைச்சு எல்லாம் ஆயிருச்சா? நேரா டிரையருக்கா?" என்றார், கொழுந்தைக் கேட்பதுபோல். "சரி, கொண்டாங்க. தூள்ல வேர்வை சொட்டாம தள்ளி நிக்கச் சொல்லுங்க. தொரை வந்தா நான் ஒங்களப் பாக்கவே இல்ல."

டிரையரின் சூட்டுக்காற்று முகத்தில் அடிக்க, இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே ஓடினார்கள். உட்கார்ந்து எழுந்தார்கள். ஒருவனை ஒருவன் முதுகில் தூக்கினான். ஐந்து நிமிடத்தில் என் மகனின் நெற்றியில் முதல் முத்து எழும்பியது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம், அவன் முதல் பல் முளைத்தபோதும் பட்டதில்லை. பிறகு கொட்டியது பாருங்கள்! ஈரான்காரனுக்கு வேர்க்க வேண்டிய அவசியமே கிடையாது, அவனுக்கும் கொட்டியது. சாயங்காலம் தன்னோடு மோதப் போகிறவனுக்காகத் தன் பலத்தையும் சேர்த்து அங்கே வடியவிட்டுக்கொண்டு நின்றான். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. என் மகன் தளர்ந்து நின்றபோதெல்லாம் அவன் இவன் முதுகில் பளாரென்று ஒன்று வைப்பான். முதல் அடிக்கு நான் ஓடப் பார்த்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

"சும்மா இருங்க டீச்சர். சாயந்தரம் இதவிட வாங்குவாரு. பழகட்டும்."

எட்டுக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது கம்பளிகளைக் கழற்றி, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி தராசில் ஏறினான். நூற்று இருபத்தாறுக்குக் கிட்ட. இன்னும் அரை ராத்தலுக்கும் குறைவாகத்தான் மிச்சம். எட்டுக்கு மூன்று நிமிடம். வாளி ஒன்றில் எச்சில் துப்பச் சொன்னார்கள். வாய் வறண்டு போன பிள்ளை, எதைத் துப்புவான்? குண்டு ஒரு மயிரிழை நகர்ந்தது. நடுவர் மணியைக் கையில் எடுத்தார்.

அப்போது அக்கா என்னைப் பார்த்த பார்வை நன்றாகவே விளங்கியது. அவன் இடுப்பில் கனத்த வெள்ளி அரைஞாண் கிடந்தது. அதில் நான் கட்டிவிட்ட தாயத்துகள் மூன்று, ஒவ்வொன்றும் பெருவிரல் பருமன். ஒன்று கழுத்துக்கு, ஒன்று முதுகுக்கு, ஒன்று பொதுவாக. வெளியே தெரியாமல் துணிக்குள் செருகி அனுப்பியிருந்தேன். ஒரு மாத நேர்த்தி அது. அதைக் கழற்றுவதென்றால் அவன் கழுத்தை நானே திறந்து வைத்துவிட்டு அனுப்புவது மாதிரி.

மகன் வாய்விட்டுக் கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கடிகாரத்தையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போட்டி இல்லாமல் அவனை வீட்டுக்குக் கூட்டிப் போனால் இந்த முகத்தைத்தான் இனி தினமும் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நானே போய் அவிழ்த்தேன். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. கோலின் நுனி ஒரு முறை ஆடி, மட்டமாக நின்றது.

"நூத்தி இருபத்தஞ்சரை" என்றார் நடுவர். அப்புறம் மணியடித்தார்.

மூன்று மணிக்குப் போட்டி. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். என் கண்ணாக இருந்து அக்கா சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு பேரும் தலைய முட்டிக்கிட்டு நிக்கிறாங்க… இன்னும் நிக்கிறாங்க… ஐயோ!"

"என்ன அக்கா?"

"நம்ம தம்பி கீழ. இல்ல, எந்திரிச்சாச்சு. ஏன் டீச்சர், காலப் புடிச்சு இழுக்கிறானே, நடுவர் சும்மா பாக்குறாரே?"

"இதுல காலப் புடிக்கலாம் அக்கா."

"அப்பிடின்னா நம்மாளும் புடிக்கலாமே! தம்பி, காலப் புடிங்க, கால!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒரு கட்டத்தில் ஈரான்காரன் இவனைத் தலைகீழாகத் தூக்கினான். இவன் கழுத்தையும் பாதத்தையும் மட்டும் மெத்தையில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்துத் தோள் படாமல் நின்றான். அதைப் பார்க்கக் கூடாத நேரத்தில் கண்ணைத் திறந்துவிட்டேன். கழுத்தில் மொத்த உடம்பும் நிற்கிறது. நான் என் மடியில் கிடந்த தாயத்துகளை நசுக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் நின்றானோ, புரண்டு வெளியே வந்துவிட்டான்.

கடைசி நிமிடத்தில் இவன் ஒரு புள்ளி பின்னால். திடீரென்று குனிந்து, அவன் இரண்டு காலையும் சேர்த்து அணைத்து, மெத்தையின் ஓரத்தில் அவனைப் போட்டான். மண்டபம் எழுந்து கத்தியது. நடுவர் கையை உயர்த்திப் புள்ளி கொடுத்தார். சமம்!

என் மகன் எழுந்து நின்று, தலையை அசைத்து, தன் வலது காலைக் காட்டினான். பிறகு மெத்தையின் கோட்டைக் காட்டினான். அவனைப் போடுவதற்கு முன்பே தன் கால் கோட்டுக்கு வெளியே போய்விட்டது, அதனால் புள்ளி செல்லாது என்கிறான். யாரும் அதைப் பார்க்கவில்லை. நடுவர்கள் மூன்று பேரும் கூடிப் பேசி, புள்ளியைத் திருப்பி எடுத்தார்கள்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பனும் கழிக்கிறாரு, மகனும் கழிக்கிறாரு! இந்தக் குடும்பத்துக்குக் கழிக்கிறதத் தவிர வேற ஒண்ணும் வராதா டீச்சர்?"

ஒரு புள்ளியில் தோற்றான். ஆனால் தோற்றவன் மாதிரியே இல்லை. வெளிநாட்டுக்காரனோடு ஒன்பது நிமிடம் நின்றவன் மாதிரி, வாயெல்லாம் பல்லாக வந்தான். காலையில் சத்தம் போட்ட அந்தப் பயிற்சியாளர் வந்து இவன் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிப் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது. "இந்தக் கழுத்தை எங்கே வாங்கினீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். "இரண்டு வருடம் கழித்து, எங்காவது ஒரு பெரிய போட்டியில் நான் இவனைப் பார்க்க வேண்டும்."

"நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்" என்றேன். அவர் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன்.

நாலு மணி தாண்டியிருக்கும். மண்டபத்துப் பின்பக்கப் படியில் டிபன் கேரியரைத் திறந்தேன். மகன் ஒரு பக்கம், ஈரான்காரன் ஒரு பக்கம். புளிச்சோறும் கறியும். அக்கா கொடுத்த பாலில்லாத பிளேன்டீயை அவன் ஒரு கருப்பட்டித் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குடித்தான். எங்கள் லயத்தில் பிறந்தவன்கூட அவ்வளவு லாவகமாகக் குடிக்க மாட்டான். "நம்ம ஆளுதான்" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

அப்போதுதான் ஒரு கொழுந்து லொரி வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து என் கணவர் குதித்தார். தலையில் இன்னும் வேலைத் தொப்பி, காதில் பென்சில். நடந்தது பின்னால்தான் எனக்குத் தெரிய வந்தது. மத்தியானக் கொழுந்து நிறுக்கும்போது முதல் கூடைக்கு நாலைக் கழித்து எண்ணைக் கூவியிருக்கிறார். அந்த எண் வாயைவிட்டுப் போன மறு நிமிடம் மகன் கொக்கியில் தொங்கிய காட்சி கண்முன் வந்திருக்கிறது. தராசை அப்படியே விட்டுவிட்டு, கையில் அகப்பட்ட லொரியில் ஏறிவிட்டார். எடை பார்ப்பது காலையிலேயே முடிந்துவிடும் என்று நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. கொழுந்தைக் கொண்டுவந்து இறக்கும்போது நிறுப்பதைப்போல, சாயங்காலம் மெத்தையில் இறக்கும்போதுதான் இவனையும் நிறுப்பார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

படியில் உட்கார்ந்து மகன் ஒரு கவளத்தை வாய்க்குக் கொண்டுபோவதைக் கண்டார். இருபது வருடமாக மலைக்கு அந்தப் பக்கம் கேட்கப் பழகிய அதே குரலில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்:

"யாரும் அவனுக்கு ஒண்ணும் திங்கக் குடுக்காதீங்க! நாலு ராத்தல் கூட இருக்கான்! நாந்தான் கழிச்சிட்டேன், நாந்தான் கழிச்சிட்டேன்!"